பிரவுண் செக்காரும் இளமை மருந்தும்

உறக்கத்தைக் கடையிலே விலைகொடுத்து வாங்கலாம் என்னும் நம்பிக்கை இன்று நம்மவரிடையேயும் வேரூன்றிவிட்டது. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு அனுப்பும் பொதிகளிலே, சொக்கிளேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையே, மெலற்றோனின் என்றும் டி. எச். ஈ. ஏ. என்றும் பெயர் ஒட்டிய குப்பிகள் வந்து சேர்கின்றன. முன்னது நல்ல நித்திரைக்காம்; பின்னது முதுமையைத் தள்ளிவைப்பதற்காம். எழுபதைக் கடந்தவனும் இரவில் மணி இரண்டு அடிப்பதைத் தவறாமற் கேட்பவனுமாகிய எனக்கும் அத்தகைய குப்பிகள் இரண்டு வந்தன. மருந்தை உண்ணுமுன் அதன் குலமும் கோத்திரமும் அறிவது என் வழக்கம். ஆகவே நூல்களைப் புரட்டலானேன். அப்போது என் உள்ளத்தைக் கவர்ந்துகொண்டவர், 1894 ஆம் ஆண்டிலே மறைந்துபோன ஒரு கிழவர். உடலின் சுரப்பிகளிலிருந்து எடுத்த சாற்றை உடலுக்கே மருந்தாக ஊட்டலாம் என்று உலகறியச் சொன்னவர் அவர். சாள்ஸ் எட்வேட் பிரவுண் செக்கார் என்பது அவர் பெயர்.

அவர் நமது இந்துமாகடலின் பிள்ளை. ஆங்கிலேயர் 1810 இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய மொரீசியசுத் தீவின் தலைநகராகிய போட் லூயிசில், 1817 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பிரவுண், அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த கப்பற்றலைவர். தாயார் சார்லொட் செக்கார், தீவிலே வாழ்ந்த பிரெஞ்சுக் குடும்பமொன்றில் வந்தவர். தீவிலே உணவுப் பஞ்சம் உண்டான வேளையில் இந்தியாவிலிருந்து அரிசி ஏற்றிவரப் புறப்பட்ட தந்தையார் திரும்பவில்லை என்றும், கப்பல் என்னவாயிற்று என்பதை எவரும் அறியார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தந்தை முகம் காணாத அக்குழந்தையைத் தாயார் தையல் வேலை செய்தே வளர்த்தார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து சென்ற தமிழ்க் கைவினைஞர் குடியேறியிருந்த நகரம் அது. நம் நாட்டுடனும் அத்தீவுக்கு ஒரு தொடர்பு உண்டு. கண்டியின் எகலப்பொல நிலமே 1825 இல் நாடுகடத்தப்பட்டு 1829 இல் உயிர்நீத்தது அங்கேதான். அப்போது நம் கதாநாயகருக்கு வயது ஏறக்குறையப் பன்னிரண்டு.

வாலிபப் பருவத்தில் அவர் கண்ட கனவு வைத்தியமன்று, இலக்கியம். 1838 இல் தாயாரையும் அழைத்துக்கொண்டு, தாம் எழுதிய கையெழுத்துப் பிரதிகளுடன் பாரிஸ் சென்றார். அக்காலத்துப் பேரெழுத்தாளராகிய சாள் நோடியே அவற்றைப் பார்த்தார். எழுத்தை நம்பி வாழ முடியாது, வேறு தொழிலைத் தேடிக்கொள் என்று அறிவுரை கூறி அனுப்பினார். இலக்கியம் இழந்ததை மருத்துவம் பெற்றது. தாயார், தம் தீவிலிருந்து படிக்க வந்த மாணவர்க்கு உணவும் உறைவிடமும் கொடுத்து மகனைப் படிப்பித்தார். படிப்பு முடியுமுன்னே அவர் இறந்துபோனார். ஆறாத் துயருற்ற மகன் தாயின் குடும்பப் பெயராகிய செக்கார் என்பதைத் தம் பெயரோடு இணைத்துக்கொண்டார். தையல் ஊசியால் தம்மை ஆளாக்கிய தாயின் பெயரை இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் உச்சரிக்கின்றனர் என்பதை நினைக்கும்போது என் மனம் நெகிழ்கின்றது.

1846 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். ஆனால் நோயாளரைத் தேடிப் பொருளீட்டும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. தங்கிய சிற்றறையே ஆய்வுகூடமாயிற்று. முயல்களும் கினிப்பன்றிகளும் உடன் வாழ்ந்தன. முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்புவடத்தை ஒருபக்கத்தில் மாத்திரம் பாதிவரை வெட்டிப் பார்த்தார். வெட்டிய பக்கத்தில் அசைவு அற்றுப்போயிற்று; நோவை உணரும் ஆற்றலோ மறுபக்கத்தில் அற்றுப்போயிற்று. நோவுணர்ச்சி நரம்புவடத்துக்குள்ளேயே ஒருபுறமிருந்து மறுபுறம் கடந்துசென்று மூளையை அடைகிறது என்பது இதனால் வெளியாயிற்று. கத்திக் குத்தாலோ துப்பாக்கிச் சூட்டாலோ நரம்புவடம் பாதி அறுபட்டவரிடம் இக்குறிகளைக் காணும் வைத்தியர், இன்றும் அந்நிலையைப் பிரவுண் செக்கார் கூட்டுநோய் என்றே குறிக்கின்றனர்.

விலங்குகளில் மட்டும் சோதித்தார் என்று எண்ணற்க. அவருக்கு மிக அண்மையிற் கிடைத்த சோதனைப்பொருள் அவருடைய சொந்த உடலே. இரைப்பை நீரை எடுத்துப் பார்க்க விரும்பி, நூலிலே கட்டிய கடற்பஞ்சை விழுங்கி மீண்டும் வெளியே இழுத்தார். இதைப் பலமுறை செய்ததன் பயனாக, உண்ட உணவு தானாகவே வாய்க்கு மீளும் உபாதை அவருக்கு வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. 1852 இல் பிரான்சின் அரசியல் மாறி, குடியரசுப் பற்றாளருக்குக் காலம் பொல்லாததாகவே, அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே பொஸ்ரன் நகரத்து எலன் பிளெச்சர் என்னும் மங்கையை மணந்து, 1854 இல் பிறந்த தீவுக்குத் திரும்பினார். திரும்பிய வேளை அங்கு வாந்திபேதி கொள்ளைகொண்டு கொண்டிருந்தது. இரவு பகலாக நோயாளரைப் பராமரித்ததோடு நில்லாமல், அபின் கலந்த மருந்து அந்நோயைத் தடுக்குமா என்பதை அறிய, நோயாளர் வாந்தியெடுத்ததைத் தாமே உட்கொண்டார். எழுதவே கை கூசுகின்றது. அவரோ கூசவில்லை. ஊரார் நன்றி மறவாது அவருக்குப் பொற்பதக்கம் வழங்கினர்.

அதன்பின் வேர்ஜீனியா மாநிலத்து றிச்மன்ட் நகர மருத்துவக் கல்லூரியில் சில மாதங்கள் ஆசிரியராயிருந்தார். தோல் தன் தொழிலைச் செய்யாவிட்டால் உடலுக்கு என்ன நேரும் என்று அறிய விரும்பி, ஒருநாள் தம் மேனி முழுவதும் வார்னிஷ் பூசிக்கொண்டார். உணர்வற்றுக் கிடந்தவரை மாணவர் ஒருவர் கண்டு, பூச்சைச் சுரண்டியெடுத்து உயிர்ப்பித்தார் என்பர். இச்செய்திகளை நான் விரித்துரைப்பது நகைப்புக்காகவன்று. 1889 இல் அவர் செய்த காரியத்தை விளங்கிக்கொள்வதற்கு இந்த மனிதரின் இயல்பு முதலில் விளங்கவேண்டும். பிறர்மேற் பரீட்சிக்க அஞ்சும் ஒன்றைத் தம்மேற் பரீட்சிக்க அவர் எந்நாளும் அஞ்சியதில்லை.

நிற்க. சிறுநீரகங்களின் மேலே தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரினல் சுரப்பிகள் எதற்காக உள்ளன என்பது அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. 1855 இல் இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன், அச்சுரப்பிகள் நோயுற்றோர் நாளுக்கு நாள் தளர்ந்து, தோல் கறுத்து, இறந்துபோவதை எழுதி வெளியிட்டார். அதைப் படித்த பிரவுண் செக்கார் அடுத்த ஆண்டே பாரிஸில் விலங்குகளிடமிருந்து அச்சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். இரண்டையும் இழந்த விலங்குகள் விரைவில் மாண்டன. அச்சுரப்பிகளின்றி உயிர் இல்லை என்று அவர் அறிவித்தார். பலர் மறுத்தனர், சத்திரசிகிச்சையின் ஊறே விலங்குகளைக் கொன்றது என்றனர். காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. என் மேசையிலுள்ள இரண்டாவது குப்பியின் சரக்காகிய டி. எச். ஈ. ஏ. மனித உடலில் பெரும்பாலும் ஊறுவது இதே சுரப்பியின் புறணியில்தான்.

அதற்குப் பிந்திய இருபது ஆண்டுகளை விரைந்து கடப்போம். அவரும் விரைந்தே கடந்தார். இலண்டனிலே வாதநோயாளருக்கும் வலிப்புநோயாளருக்குமென அமைந்த புதிய ஆஸ்பத்திரியில் 1860 முதல் வைத்தியராயிருந்தார். வாசலில் நோயாளர் கூட்டம் பெருகி ஆராய்ச்சிக்கு நேரமில்லாமற் போகவே 1863 இல் அதை விட்டு விலகினார். 1864 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது. அவ்வாண்டிலேயே மனைவியார் மறைந்தார். பின்னர் மீண்டும் பாரிஸ், மீண்டும் அமெரிக்கா, மீண்டும் ஐரோப்பா. அத்திலாந்திக் சமுத்திரத்தை அவர் அறுபது தடவைக்குமேல் கடந்தார் என்பர். இரண்டாம் மணம் நிலைக்கவில்லை. 1877 இல் எலிசபெத் எம்மா டேக்கின் என்னும் ஆங்கில மாதை மணந்தபின்னரே அவருக்கு வீடென்ற ஒன்று வாய்த்தது. 1878 இல் உடற்றொழிலியலின் தந்தையென மதிக்கப்பட்ட குளோட் பேர்னாட் இறந்தபோது, பாரிஸ் கொலேஜ் டி பிரான்சில் அப்பெருமகன் வகித்த ஆசனம் இவருக்குக் கிடைத்தது. அலைந்த கப்பல் அறுபத்தோராம் வயதிலே துறைசேர்ந்தது.

துறைசேர்ந்த கப்பல் பழுதுபட்டிருந்தது. ஆய்வுகூடத்தில் அரைமணி நேரம் நின்றாலே இருக்கை தேடும் தளர்ச்சி. மாலை ஆறு மணிக்கு வண்டியில் வீடு திரும்பியதும் இரண்டு கவளம் உண்டுவிட்டுக் கட்டிலில் விழும் நிலை. விழுந்தாலும் நித்திரை வருவதில்லை. உறக்கம் கண்ணைச் சுழற்றும். ஆனால் மணிக்கணக்காக உறங்க முடியாது. சற்றே உறங்கி எழுந்தால் உறங்காதிருந்ததினும் மிகுந்த அயர்ச்சி. தம் நிலையை அவரே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். அதைப் படித்தபோது, நூறாண்டுகளுக்கு முன்னே வாழ்ந்த ஒருவர் என் இரவுகளை எட்டிப் பார்த்து எழுதிவைத்தாரோ என்று வியந்தேன்.

சுரப்பிகள் இரத்தத்தில் ஏதோ பயனுள்ள பொருளைக் கலக்கின்றன என்ற எண்ணம் 1869 முதலே அவருக்கு உண்டு. விரை நீக்கப்பட்டோர் வலுக்குன்றி இருப்பதையும், முதுமையில் அச்சுரப்பி சோர்வதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். முதுமைத் தளர்ச்சியின் ஒரு பாதியேனும் அச்சாறு வற்றியதால் வருவதாயின், வற்றியதை மீண்டும் வார்த்தால் என்ன? 1889 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் தொடங்கி, நாயினதும் கினிப்பன்றியினதும் விரைகளை நீர்விட்டு நசுக்கி, வடிகட்டி, அந்நீரைத் தம் தோலின்கீழ் ஏற்றிக்கொண்டார். ஊசி ஏறிய இடம் கடுமையாக நொந்தது. ஆனால் இரண்டாம் நாளே தம் உடலில் மாறுதல் காண்பதாக உணர்ந்தார்.

ஜூன் மாதம் முதலாம் நாள், தாம் தலைமை தாங்கிய உயிரியற் கழகத்தின் கூட்டத்தில், எழுபத்திரண்டு வயதுடைய அம்முதியவர் எழுந்து நின்று தம் உடலையே சான்றாக வைத்தார். ஊசிக்கு முன் முன்னங்கையின் வலு, கருவியிலே அளந்தபோது, சராசரி 34½ கிலோகிராம்; பின்னர் 41. ஆய்வுகூடத்தில் மணிக்கணக்காக நின்று வேலை செய்ய முடிகிறது. படிகளில் ஓடியேற முடிகிறது. இரவுணவுக்குப் பின்னும் கடினமான பொருளைப்பற்றி எழுத முடிகிறது. சிறுநீர்த் தாரை முன்னிலும் தொலைவிற் சென்று விழுவதையும் மலச்சிக்கல் நீங்கியதையும் கூட அளந்து சொன்னார். அவையோரில் பலர் முதியவர். சிலர் ஆவலோடு கேட்டனர். சிலர் தலைகுனிந்து சிரித்தனர். மூளை தளர்ந்த கிழவரின் பிதற்றல் என்று வெளியே பேசிக்கொண்டோரும் உண்டு.

ஓர் உண்மையை இங்கு மறைக்கலாகாது. இது மனத்தின் மயக்கமோ என்ற ஐயத்தை அவரே எழுப்பினார். ஊசியை நிறுத்திப் பார்த்தார். பெற்ற வலு ஏறக்குறைய ஒரு மாதம் நின்று பின் மங்கியதையும் ஒளிக்காமல் வெளியிட்டார். பிறரும் சோதித்துத் தம்மைத் திருத்துமாறு வேண்டினார். சாற்றைக் காசுக்கு விற்கவில்லை. தம் துணைவர் ஆர்சொன்வாலோடு சேர்ந்து தயாரித்து, கேட்ட வைத்தியருக்கு இலவசமாகவே வழங்கினார். விற்றவர்கள் வேறு. சில வாரங்களுக்குள் அமெரிக்கப் பத்திரிகைகளிலே ஜீவாமிர்தம் என்ற பெயரில் விளம்பரங்கள் முளைத்தன. என்ன நாயோ, என்ன நீரோ, எவர் கையோ! சாறு அழுகி, ஊசிபட்ட இடம் சீழ்கொண்டு துன்புற்றோர் பலர். பழி முழுவதும் பாரிஸ் கிழவர் தலையில் விழுந்தது.

அவர் கண்ட வலு மெய்யா? 2002 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய வைத்தியர் சிலர், அவர் எழுதிவைத்த முறைப்படியே நாயின் விரையிலிருந்து சாறெடுத்து அளந்தனர். ஆண் ஓமோனாகிய டெஸ்டொஸ்டெரோன் அதிலே இருந்த அளவு, பயன் விளைப்பதற்கு வேண்டிய அளவின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படவில்லை. காரணம் எளிது. விரை அந்த ஓமோனை ஆக்கி உடனுக்குடன் இரத்தத்துக்கு அனுப்பிவிடுகின்றதேயன்றிச் சேமித்து வைப்பதில்லை. மேலும் அது நீரிலே நன்கு கரையாத பொருள். ஆகவே அவர் ஏற்றிக்கொண்டதில் இருந்தது பெரும்பாலும் நீரும் நம்பிக்கையுமே. 34½ ஐ 41 ஆக்கியது நம்பிக்கை. அந்த ஆற்றலை அற்பமென்று நான் தள்ளமாட்டேன். ஆனால் அதற்கு மருந்தென்று பெயர் சூட்டவும் மாட்டேன்.

ஆயினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. ஐரோப்பாவெங்கும் வைத்தியர்கள் கண்ட சுரப்பியையெல்லாம் பிழிந்து பார்க்கத் தலைப்பட்டனர். வீண்முயற்சிகளே மிகுதி. ஆனால் 1891 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோர்ஜ் மறே என்னும் இளம் வைத்தியர், தைரொயிட் சுரப்பி வற்றியதால் உடல் வீங்கி, அறிவு மந்தித்து, குளிரிலே நடுங்கிக் கிடந்த நாற்பத்தாறு வயது மாதொருத்திக்கு ஆட்டின் தைரொயிட் சாற்றை ஏற்றினார். அவள் எழுந்து நடமாடினாள். பின்னர் வாய்வழியாகவே அச்சாற்றை உட்கொண்டு மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து 1919 இல் இறந்தாள். அவளுக்காக 870 ஆடுகளுக்கு மேற்பட்டவற்றின் சுரப்பிகள் செலவாயின என்று கணக்கிட்டிருக்கின்றனர். விரை சேமிக்காததைத் தைரொயிட் சேமித்து வைக்கின்றது. அதன் சரக்கு இரைப்பையிலும் அழிவதில்லை. இரண்டு முயற்சிக்கும் இடையே இருந்த வேறுபாடு இதுவே. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அம்மாதின் உடலிலே ஒரு பொருள் உண்மையாகவே அற்றுப்போயிருந்தது. மறே அதைத் திரும்பக் கொடுத்தார். முதுமை அப்படி ஒரு பொருள் மாத்திரம் குறைந்து வருவதன்று.

ஓமோன் என்ற சொல்லே 1905 இல்தான் ஸ்ராலிங் என்பவரால் வழக்குக்கு வந்தது. 1935 இல் டெஸ்டொஸ்டெரோனைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன்னரே குரங்கின் சுரப்பியை மனிதருக்கு ஒட்டிய வொரொனொவும், விந்துக் குழாயைக் கட்டி இளமை தருவதாகச் சொன்ன ஸ்ரைனாக்கும் செல்வந்தர் பலரைத் தம்மிடம் வரச்செய்தனர். கவிஞர் யேற்ஸ் 1934 இல் இரண்டாமவரின் சிகிச்சையைச் செய்துகொண்டு புத்துயிர் பெற்றதாக நம்பினார். இவையெல்லாம் வேறு கதை.

என் குப்பிகளின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். டி. எச். ஈ. ஏ. வயதோடு குறைந்து செல்வது உண்மை. ஆனால் அமெரிக்காவின் மேயோ ஆய்வாளர் முதியவர்க்கு அதனை இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்து 2006 இல் வெளியிட்ட முடிவின்படி, தசையின் வலுவிலோ வாழ்வின் நலத்திலோ பயன் காணப்படவில்லை. மெலற்றோனின், மூளையின் நடுவேயுள்ள கூம்புச் சுரப்பி இருள் கவிந்தபின் சுரக்கும் பொருள். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோல் வைத்தியர் ஆரன் லேணர் அதை 1958 இல் மாட்டின் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்தார். இரவு வந்துவிட்டது என்று உடலுக்கு அறிவிக்கும் தூதுவன் அது. ஆளை அடித்து வீழ்த்தும் மயக்க மருந்தன்று. நெடுந்தூர விமானப் பயணத்தால் உடலின் கடிகாரம் குழம்பியவர்க்கு அது நன்கு உதவுகின்றது. நாட்பட்ட துயிலின்மைக்கோ, பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் பார்த்தபோது, சராசரி ஏழு நிமிடம் முன்னதாக உறக்கம் வந்தது. கனடாவிலே 31 குப்பிகளை வாங்கிச் சோதித்தோர் 2017 இல் கண்டது இன்னும் வியப்பானது: ஒன்றில் குறித்த அளவில் ஐந்திலொரு பங்குகூட இல்லை, இன்னொன்றில் குறித்ததைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. இவற்றைப் படித்தபின் ஏழு நிமிட உறக்கத்துக்காக எந்தக் குப்பியை நம்புவது? நான் இரண்டையும் திறக்கவில்லை. வேறு மருந்துகளும் உண்போர் தம் வைத்தியரைக் கேளாமல் திறப்பது ஆபத்துங்கூட.

பிரவுண் செக்காரோ இறுதிவரை தம் சாற்றில் நம்பிக்கை இழக்கவில்லை. ஏளனத்துக்கு அவர் ஏளனத்தால் மறுமொழி தரவில்லை, ஆய்வுகூடத்துக்குச் சென்றுகொண்டேயிருந்தார். எல்லாச் சுரப்பிகளும், ஏன் எல்லாத் திசுக்களுமே, இரத்தத்தின் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று 1891 இல் ஆர்சொன்வாலுடன் எழுதினார். நம்பிய மருந்து பொய்யாகவும், அம்மருந்தை நம்பச்செய்த எண்ணம் மெய்யாகவும் அமைந்த விந்தை அவருடையது. அவரைப் போலி வைத்தியர் வரிசையில் வைத்து எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. போலி வைத்தியன் மருந்தை முதலில் அயலான்மேல் பரீட்சிப்பான், கணக்கையும் மறைப்பான்.

1894 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மனைவியார் காலமானார். அத்துயரிலிருந்து அவர் எழவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இலண்டனிலே ஒலிவர், ஷேஃபர் என்னும் இருவர், அதிரினல் சுரப்பியின் சாற்றை விலங்கின் இரத்தத்திற் செலுத்தியதும் இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்ததை உடற்றொழிலியற் கழகத்தில் அறிவித்தனர். ஒரு சுரப்பியின் சாறு உடலிலே நிகழ்த்தும் மாற்றத்தை, நம்பிக்கைக்கு இடமின்றி, கருவியின் ஊசி வரைந்துகாட்டியது அப்போதுதான். மூன்று வாரங்களின் பின், ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில், எழுபத்தேழு வயது நிரம்புவதற்குச் சில நாட்கள் இருக்கையில், பாரிஸில் அவர் உயிர் பிரிந்தது. மொரீசியசுத் தீவின் மனநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.